அரைப்படம் பார்த்த குற்றவாளி

வாஷிங் மெஷின் மெக்கானிக் தம் வாழ்நாளில் செய்த குற்றம் மொத்தம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். அதிலும் பாதி நேரம் அவர் கண் சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேல்தான் இருந்தது.

துணி பிழியும்போது மெஷின் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்துவிடுகிறது என்று மச்சினன் கூப்பிட்டிருந்தான். மெக்கானிக் போய்க் கால்களைச் சமப்படுத்தினார். ஒரு சுற்று ஓடி முடிகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். மச்சினன் டீயைக் கொடுத்துவிட்டு, டிவியின் முதுகில் ஒரு பென் டிரைவைச் செருகினான். கலங்கரை விளக்கத்தில் நடக்கும் கொலையைப் பற்றிய புதுப் படம். வெள்ளிக்கிழமைதான் தியேட்டருக்கு வர வேண்டும். அன்று செவ்வாய்.

"தப்பு இல்லையா மாப்ளே இது?"

"மெஷினும் ஓடுது, படமும் ஓடுது. டீயைக் குடிங்க மாமா."

படத்தில் இடைவேளை வந்தபோது, வேறொரு வீட்டில் டிரெயின் பைப் கழன்று கூடம் முழுக்கத் தண்ணீர் என்று போன் வந்தது. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கொலையைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

மனசு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் எச்சரிக்கை வாசகங்களை மதிக்கிறவர். மெஷினின் பின்மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் என்று எழுதியிருந்தால், இருபத்திரண்டு வருஷமாகத் திறக்கிற மூடியானாலும் இன்னொரு தடவை படித்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுப்பார். எங்கேயோ யாரோ ஒருவன் விரலைக் கொடுத்த பிறகுதான் அப்படி ஒரு வரி அச்சாகியிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அவருடைய பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

பாவத்தைக் கழுவுகிற மாதிரி, ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கி, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு அதே படத்துக்குப் போனார். அங்கேதான் வினை வந்தது. படம் தொடங்குமுன் திருட்டுப்பட ஒழிப்புப் பேரவையின் எச்சரிக்கைப் படத்தைப் போட்டார்கள்.

அது நாலு நிமிடப் படம். ஓர் அப்பா டிவியில் பென் டிரைவைச் செருகுகிறார். உடனே விளக்கு மினுக்குகிறது. அம்மாவுக்கு இருமல் வருகிறது. மகனுடைய பரீட்சைத் தாளில் முட்டை விழுகிறது. அப்பாவின் தலைமயிர் நம் கண்ணெதிரிலேயே வெளுக்கிறது. கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் நுழைந்து, இருமுகிற அம்மாவைத் தாண்டிப் போய், வெளுத்த அப்பாவுக்கு விலங்கு மாட்டுகிறது. திரையில் எழுத்துகள் விழ, ஒரு கரகரத்த குரல் அவற்றைப் படிக்கிறது: "நீங்கள் படத்தைப் பார்க்கிறீர்கள். சட்டம் உங்களைப் பார்க்கிறது. முப்பது நாட்களுக்குள் சரணடைவீர்!"

தியேட்டரில் எல்லோருக்கும் இது மனப்பாடம். படத்தில் அம்மா இருமியபோது அரங்கமே சேர்ந்து இருமியது. முட்டை விழுந்ததற்குக் கைதட்டல். கரகரத்த குரலோடு நானூறு பேர் ஒரே குரலில் "சரணடைவீர்" என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "டிக்கெட் வாங்கினவனை உக்கார வச்சு மிரட்டுறாங்கய்யா! வாங்காதவன் வீட்ல காலை நீட்டிக்கிட்டு நிம்மதியா பாக்கறான்!"

அந்த அரங்கத்தில் வியர்த்தது ஒரே ஒருவருக்குத்தான்.

"ஏசி ஓடுதே, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"வா, போயிடலாம்."

"படமே இன்னும் ஆரம்பிக்கலையே!"

"எனக்கு முடிஞ்சிடுச்சு."

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துகிறவள். வீட்டுக்கு வந்து விஷயம் முழுவதையும் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் மறுநாள் போய்ச் சரணடையப்போவதாகச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"இங்க பாருங்க. ஊசியைக் காட்டி மிரட்டினா நரம்பு உள்ள போய் ஒளிஞ்சுக்கும். சாப்பிட்டீங்களா, பையன் என்ன படிக்கிறான்னு நாலு வார்த்தை பேசினா தானா மேல வரும். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது நாளே எனக்குப் புரிஞ்சது இது. அந்தப் பேரவைக்காரங்களுக்கு இத்தனை வருஷமாப் புரியல. அவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு நீங்க போறேங்கறீங்க."

"அச்சடிச்சுப் போட்டிருக்காங்களே" என்றார் மெக்கானிக்.

பேரவைக்கு ஐந்து மாடிக் கட்டடம். முதல் மாடி விழிப்புணர்வு, இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது கடும் எச்சரிக்கை, நான்காவது சுவரொட்டி, ஐந்தாவதில் தலைவர். தரைத்தளத்தில் வரிசையாகக் கவுண்டர்கள். ஏழாம் எண் கவுண்டருக்கு மேல் ‘சரணடைவோர்’ என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் ஊழியர்கள் ஈரக் குடைகளை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். குடைகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு அவர் போய் நின்றார். உள்ளே டிபன் டப்பாவைத் திறந்துவைத்திருந்த குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"கரண்ட் பில்லா? பக்கத்து பில்டிங்."

"சரணடைய வந்தேங்க."

குமாஸ்தா நிமிர்ந்தார். "எதுக்கு?"

"படம் பார்த்துட்டேன்."

"எல்லாரும்தான் பாக்கறாங்க. அதுக்கு ஏன் இங்க வந்தீங்க?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

குமாஸ்தா கையைத் துடைத்துக்கொண்டார். டப்பாவை மூடினார். மேசைக்கு அடியில் குனிந்து தூசி தட்டி ஒரு கட்டு படிவத்தை எடுத்தார். பேரவை தொடங்கிய பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டின் நூல் அவிழ்ந்தது அன்றுதான்.

"பெயர், தொழில் எழுதியாச்சு. பார்த்த படங்களின் எண்ணிக்கை, முழு எண்ணில். எத்தனை?"

"அரை."

"அரைக்குக் கட்டமில்ல. ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."

"அரைப்படம்தாங்க பார்த்தேன். சத்தியமா."

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மீதி அரைக்குப் போய்த் தகராறு பண்றீங்களே."

இதற்குள் செய்தி மாடி மாடியாக ஏறிவிட்டது. பார்க்க எல்லோரும் படியிறங்கி வந்தார்கள். யாரோ கைதட்டினார். கடைசியில் லிப்ட் திறந்து தலைவரே வந்து, மெக்கானிக்கின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்கினார். "வந்துட்டீங்களே! இந்தத் திட்டமே வேலைக்காகாதுன்னு பேசினவங்க மூஞ்சில கரியைப் பூசிட்டீங்க!"

ஐந்தாவது மாடியில் விசாரணை நடந்தது. வெண்ணிற மேசையைச் சுற்றி எட்டுப் பேர். விழிப்புணர்வு அலுவலர் என்ற அம்மையார் பேனாவைத் திறந்து, எந்தப் படம் என்று கேட்டார். மெக்கானிக் சொன்னார். எவ்வளவு தூரம் பார்த்தார் என்று கேட்டார். இடைவேளை வரைக்கும் என்றார்.

"அடடா, இடைவேளையோட எந்திரிச்சுட்டீங்களா?" என்றார் கடும் எச்சரிக்கைப் பிரிவு அதிகாரி. "அதுக்கப்புறம்தானே படமே! அந்தப் படகுக்காரன் இருக்கான் பாருங்க..."

"படகுக்காரன் இல்ல, டாக்டர்" என்றார் சுவரொட்டிப் பிரிவு.

"டாக்டர்னு நம்மள நினைக்க வைக்கிறான். கடைசிக் காட்சியை ஒழுங்காப் பார்த்தீங்களா இல்லையா? நான் போன திங்கக்கிழமையே..."

மெக்கானிக்குக் குழப்பமாகிவிட்டது. "திங்கக்கிழமைன்னா படமே ரிலீஸ் ஆகலையேங்க. எந்தத் தியேட்டர்ல டிக்கெட் கொடுத்தாங்க?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஆய்வு. நோயை ஒழிக்கணும்னா நோயைத் தெரிஞ்சுக்கணுமில்ல? எங்க வீட்ல எல்லாருமே ஆய்வு பண்றாங்க."

பிறகு மெக்கானிக் முன் இரண்டு தாள்களை வைத்தார்கள். ஒன்று வழக்குத் தாள். மூன்று வருஷம் வரைக்கும் சிறை. மற்றது சம்மதத் தாள். பேரவையின் பிரசாரத்துக்கு அவர் முகத்தைத் தர வேண்டும், தந்தால் வழக்கு இல்லை. மெக்கானிக் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார்.

போட்டோ எடுக்கிறவர் அவர் கண்ணுக்குக் கீழே கரியைத் தடவினார். தலையைக் கலைத்தார். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் விலங்கு அவர் மணிக்கட்டுக்குச் சின்னதாக இருந்ததால், கையைப் பின்னால் மடக்கச் சொல்லி, விலங்கை மட்டும் தனியாக ஆணியில் தொங்கவிட்டு எடுத்தார்கள். ஒரு வாரத்தில் ஊரில் பேருந்து நிற்கிற இடமெல்லாம் அந்த முகம். கீழே கொட்டை எழுத்தில்: "இவன் ஒரு படம் பார்த்தான். இன்று?"

"அரைப்படம்னு போடச் சொன்னேனே" என்றார் மெக்கானிக்.

"போஸ்டர்ல பின்னமெல்லாம் எடுபடாது" என்றார் விழிப்புணர்வு அலுவலர்.

அந்த ‘இன்று?’ என்ற கேள்வியை நினைத்து மக்கள் நடுங்கி நிற்பார்கள் என்று பேரவை கணக்குப் போட்டிருந்தது. மக்கள் பதில் எழுத ஆரம்பித்தார்கள். ‘இன்று இரண்டாவது படம் பார்க்கிறான்’ என்று ஒரு நிறுத்தத்தில். ‘இன்று லிங்க் அனுப்புவான், நம்பர் கீழே’ என்று இன்னொன்றில். மருத்துவமனை வாசலில் ஒருவர் நல்ல கையெழுத்தில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். குமாஸ்தா வாய் தவறி வெளியே சொன்ன கதையால் மெக்கானிக்குப் பெயரும் வந்துவிட்டது: அரைப்படம். "அதோ அரைப்படம் போறாரு" என்று தெருவில் குழந்தைகள் காட்டின.

அந்தப் படம் அதுவரைக்கும் சுமாராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனை இந்தக் கோலத்தில் கொண்டுவந்து நிறுத்திய படம் என்னதான் என்று பார்க்க ஊரே ஆசைப்பட்டது. ஊர் அதைத் தியேட்டரில் போய்ப் பார்க்கவில்லை.

மெக்கானிக்கின் தொழிலும் திடீரென்று பெருகியது. அவர் போன வீடுகளில் மெஷினுக்கு ஒன்றும் இல்லை. பெல்ட் சரியாக இருக்கும், டிரம் சரியாகச் சுற்றும், தண்ணீர் ஒழுங்காக வடியும். வீட்டுக்காரர் டீ கொடுப்பார், கதவைச் சாத்துவார், குரலைத் தாழ்த்துவார்.

"புதுசா ஏதாச்சும் இருக்கா?"

"நான் அதெல்லாம் செய்யறதில்லைங்க. தப்புங்க."

"புரியுது, புரியுது" என்று கண்ணடிப்பார்கள். "இந்த மாதிரி கமுக்கமா இருக்கறவர்தான் வேணும். அடுத்த வாரம் வாங்க, மெஷின் மறுபடியும் ரிப்பேர் ஆகும்."

ஒரு வீட்டில் ஒரு பெரியவர், அவர் எவ்வளவு மறுத்தும் கேட்காமல், ஒரு பழைய பென் டிரைவை அவர் பையில் திணித்தார். "என்கிட்ட ஒரு நூறு படம் இருக்கு. உங்களுக்கு உதவும்."

அவர் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரின் மேனேஜருக்கு இது தெரியவந்தது. ‘உங்கள் வீட்டின் நம்பிக்கை’ என்று சட்டையின் முதுகில் எழுதியிருக்கிற கம்பெனி அது. "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஆனா குற்றப் பதிவுல இருக்கறவங்க வாடிக்கையாளர் வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு கம்பெனி விதி. சட்டையைக் கழட்டி மேசை மேல வச்சுட்டுப் போங்க." மெக்கானிக் சட்டையை மடித்து வைத்துவிட்டு பனியனோடு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஆறு இடத்தில் அவரை அவரே பார்க்க வேண்டியிருந்தது.

அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். எட்டாவது படிக்கிற மகள் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை வழிபாட்டில் பேரவையின் உறுதிமொழி எடுக்கச் சொன்னார்களாம். மேடையில் அப்பாவின் போஸ்டரை நிறுத்தி, வலது கையை அதை நோக்கி நீட்டி, எல்லோரும் சொல்ல வேண்டும்: ‘இவனைப் போல் ஆக மாட்டேன்.’

"நீ என்னம்மா செஞ்ச?" என்றார் மெக்கானிக்.

"கையை நீட்டினேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. வாயை மட்டும் அசைச்சேன்ப்பா. சத்தமா சொல்லல."

மெக்கானிக் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் அவர் பேரவைக்குப் போய், திருந்திவிட்டேன், முகத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்.

"எடுக்கறதுக்கு ஒரு பிரிவு இருக்கணுமில்ல?" என்றார் தலைவர். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "பயமுறுத்தறதுக்கு மூணு மாடி இருக்கு. மன்னிக்கறதுக்கு இடமே ஒதுக்கலைங்க. அதோட பாருங்க, உங்க போஸ்டரால என்ன ஆயிருக்கு தெரியுமா?" ஒரு கணக்கெடுப்பை அவர் முன் விரித்தார். "நூத்துல தொண்ணூத்தி நாலு பேருக்கு உங்க முகம் தெரியுது. அதுல தொண்ணூத்தி ஒரு பேர், அந்தப் படம் எங்க கிடைக்கும்னு கேட்டிருக்காங்க. மக்கள் மனசுல கேள்வி பிறந்துடுச்சு! இதுதான் விழிப்புணர்வு!"

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். பேரவையின் மாநாடு வருகிறது. அதில் மேடையேறி, போலீஸ் வேஷம் போட்டவர்கள் தம்மைக் கைது செய்வதுபோல் ஒரு காட்சியில் நடித்து, அழ வேண்டும். அழுகை நன்றாக அமைந்தால் புதிதாக ஒரு முகம் தேடிக்கொள்வார்கள்.

மாநாட்டுக்கு நகரத்திலேயே பெரிய அரங்கம். அலுவலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் ஆட்களை ஆணை போட்டு வரவழைத்திருந்தார்கள். சர்வீஸ் சென்டர் மேனேஜர் இருந்தார். மகளுடைய தலைமையாசிரியை இருந்தார். மூன்றாவது வரிசையில் மனைவியும் மச்சினனும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இந்த நாட்டில் திருட்டுப் படம் பார்த்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். அப்போதுதான் நமது பேரவை பிறந்தது. இன்று நூற்றுக்கு எழுபது பேர் பார்க்கிறார்கள். சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: அன்று பார்த்த பத்துப் பேரும் பயமில்லாமல் பார்த்தார்கள். இன்று பார்க்கிற எழுபது பேரும் நமது எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பார்க்கிறார்கள்! பயந்தவர்களின் எண்ணிக்கையை ஏழு மடங்கு உயர்த்திய நிறுவனம் உலகில் வேறு எது? எழுபதை நூறாக்கும் வரை ஓயமாட்டோம்!"

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை அதைவிடப் பலமாகத் தட்டியது.

பிறகு காட்சி. மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டிவியைப் பார்த்தார். போலீஸ் வேஷக்காரர்கள் அட்டைக் கதவை உடைத்தார்கள். அவரை முட்டிபோட வைத்தார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. விழிப்புணர்வு அலுவலர் இதை எதிர்பார்த்திருந்தார். மேடையோரத்திலிருந்து சைகை காட்டினார். பள்ளிச் சீருடையில் மகளை மேடைக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். அவள் கையில் ஒரு தாளும் வாய்க்கு நேராக ஒரு மைக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்தில் வைத்தே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"படிம்மா" என்றார் அலுவலர் மெதுவாக. ஆனால் மைக் அதையும் அரங்கத்துக்குச் சொன்னது. "அப்பா, ஏன் இப்படிச் செஞ்சீங்க, எங்க வாழ்க்கையே போச்சேன்னு படிம்மா."

மகள் தாளைப் பார்த்தாள். முட்டிபோட்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் இருமிக் காட்டுகிற பின்வரிசைகூட வாயை மூடிக்கொண்டது.

மூன்றாவது வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொல்கிறபோது எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள்.

"அந்தப் படம் நானும் பார்த்தேன். அரைப்படம் இல்ல. முழுப்படம். என் பேரையும் எழுதிக்குங்க. பொண்ணைக் கீழ அனுப்புங்க."

மெக்கானிக் முட்டிபோட்டபடியே மைக் இருப்பதை மறந்து கேட்டார்: "நீ எப்போ பார்த்த?"

"புதன்கிழமை. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. மச்சினன் எழுந்தான். "பென் டிரைவே என்னுதுதாங்க. என்னை முதல்ல எழுதணும். மாமா டீ குடிக்க வந்தவரு." பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "நான் மூணு தடவை!" என்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் வரிசை வரிசையாக. நாற்காலிகள் மடங்குகிற சத்தம் மழை மாதிரி கேட்டது. சர்வீஸ் சென்டர் மேனேஜர் எழுந்தார். தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்து, கைப்பையைச் சரிசெய்துகொண்டு, எழுந்தார். சந்தடியில் மகள் தாளைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

தலைவர் ஆனந்தத்தில் மைக்கைப் பறித்தார். "பார்த்தீர்களா! நாட்டின் மனசாட்சி எழுந்து நிற்கிறது! அனைவரும் நாளைக் காலை ஏழாம் எண் கவுண்டருக்கு வாருங்கள்!"

வந்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனை தாண்டி வளைந்து போனது. குடும்பத்தோடு வந்தவர்கள், நாற்காலி கொண்டுவந்தவர்கள், வரிசையில் நின்றபடியே போனில் படம் பார்த்தவர்கள். "ஆரம்பத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு, குற்றத்தை முழுசாச் சொல்லணுமில்ல" என்றார் ஒருவர். குமாஸ்தாவிடம் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றொன்பது படிவம். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. கடைசிப் படிவத்தை வாங்கியவர் எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பத்து மணிக்குள் ஊரில் எல்லோர் கையிலும் படிவம் இருந்தது.

மூன்றாவது மாடியிலிருந்து கடும் எச்சரிக்கை அதிகாரி ஒலிபெருக்கியோடு ஓடிவந்தார். "படிவத்தோட அடியில என்ன போட்டிருக்கு, படிச்சீங்களா? அனுமதியின்றி நகலெடுப்பது தண்டனைக்குரியது! நகல் படிவம் செல்லாது! நகல் எடுத்தவங்க அதுக்குத் தனியாச் சரணடையணும்!"

"அதுக்கு எந்தப் படிவம்?"

அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதே படிவம்தான்."

எல்லோரும் இன்னொரு நகல் எடுக்கப் போனார்கள். அன்று அந்த ஜெராக்ஸ் மெஷின் இரண்டு தடவை சூடேறி நின்றது. பேரவையின் வரலாற்றில் மிக அதிகமாகத் திருடப்பட்ட படைப்பு பேரவையின் படிவம்தான் என்று ஒரு பத்திரிகை எழுதியது. சரணடைந்த ஒவ்வொருவரையும் நாற்பது நிமிடம் விசாரிக்க வேண்டும் என்பது பேரவையே போட்ட விதி. சட்ட ஆலோசகர் கணக்குப் பார்த்து, பத்தொன்பது வருஷம் ஆகும், அதுவும் யாரும் சாப்பிடப் போகாமலிருந்தால், என்று சொன்னார். மூன்றாம் நாள் குமாஸ்தா கவுண்டரைச் சாத்திவிட்டு, வெளியே வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். "உள்ள இருந்தே குடுத்தா செல்லுமான்னு தெரியல. எதுக்கு வம்பு?"

ஐந்தாம் நாள் பேரவை புதிய ஆணை போட்டது. முன் அனுமதி பெறாமல் சரணடைவது குற்றம். மீறுவோருக்குக் கடும் தண்டனை. ‘சரணடையாதே!’ என்று விரல் நீட்டுகிற ஒரு பெரிய கையைப் போட்டு, சுவரொட்டிப் பிரிவு இரவு பகலாக அச்சடித்தது. ஒட்டுவதற்கு வேறு இடமில்லாததால், பேருந்து நிறுத்தங்களில் மெக்கானிக்கின் முகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவமனை வாசலில் மட்டும் தாள் போதாமல் அவருடைய ஒரு காது வெளியே தெரிந்தது. தலைவருக்கு ஆறாவது மாடி கட்ட அனுமதி கிடைத்தது.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் தாமே வீட்டுக்கு வந்தார். குற்றப் பதிவில் இருப்பவர்கள் வேலைக்கு வரக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டார்களாம். விதியை வைத்துக்கொண்டால் மேனேஜரே வேலைக்கு வர முடியாது. சலவை செய்து இஸ்திரி போட்ட சட்டையை அவர் மேசை மேல் வைத்தார். "இருபத்தேழு வீட்ல மெஷின் நிக்குது. இந்தத் தடவை நெஜமாவே நிக்குது."

அடுத்த வாரம், மெக்கானிக் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பேரவையிலிருந்து இரண்டு பேர் ஒரு நோட்டீஸோடு வந்தார்கள். முன் அனுமதியில்லாமல் நாட்டிலேயே முதன்முதலாகச் சரணடைந்தவர் அவர்தான். பதினைந்து நாளில் தக்க விளக்கம் தர வேண்டும். தவறினால் என்று தொடங்கி, பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து.

மெக்கானிக் முதல் வரியைப் படித்தார். மீதியைப் படிக்கவில்லை.

"விளக்கத்தை எந்தக் கவுண்டர்ல கொடுக்கணும்?"

"கவுண்டரை மூடிட்டாங்களே."

"சரிங்க. டீ குடிக்கிறீங்களா? இல்லேன்னா கொஞ்சம் வழிவிடுங்க."

அவர்கள் வழிவிட்டார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் போட்டார். மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"யாருங்க அது? என்னவாம்?"

"பேரவையிலிருந்து. பயப்படணுமாம்."

"பயந்தீங்களா?"

"நேரமில்ல" என்றார் மெக்கானிக். "மத்தியானத்துக்குள்ள ஆறு மெஷின் பார்க்கணும்."